எந்தோருக்குப் போன மத்தியானம்

டுங்கு டுங்கு டுங்கென்று உடுக்கை. அடுத்த தெருக் கோயிலில் கொடைத் திருவிழா நடக்கிறது. ஒலிபெருக்கிக் குழாயை என் ஜன்னலைப் பார்த்தே கட்டியிருக்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரர்கள் காதைப் பொத்திக்கொள்கிறார்கள். எனக்கோ உள்ளங்கால் சுடுகிறது. செருப்பில்லாத ஒன்பது வயதுக் கால்கள் கரிசல் காட்டின் உச்சிவெயிலில் நடந்த சூடு, இத்தனை வருஷம் கழித்தும் அந்தச் சத்தத்துக்குள் ஆறாமல் கிடக்கிறது. இருட்டில் பயந்தவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள். நான் பயந்தது வெளிச்சத்தில். சொந்த நிழலே காலுக்கடியில் சுருண்டு ஒளிந்துகொள்ளும் நேரத்து வெளிச்சத்தில்.

அப்பா உபதேசியார். குருவானவர் மாதத்துக்கு ஒருமுறை வண்டி கட்டி வந்து திருவிருந்து கொடுத்துவிட்டுப் போவார். மற்ற நாள்களில் எங்கள் வேதக்கோயிலில் மணி அடிப்பது, பிரசங்கம் பண்ணுவது, இறந்தவர்களைப் புதைப்பது எல்லாம் அப்பாதான். ஏழாயிரம்பண்ணைக்குப் போகிற ரோட்டில் எங்கள் ஊர். எங்கள் சபை ஜனங்கள் அடுத்தவர் நிலத்தில் தலைமுறையாகக் குனிந்து நிமிர்ந்தவர்கள். மழை பொய்த்துப் பொய்த்து, பட்டாசு ஆபீசுக்கும் தீப்பெட்டி ஆபீசுக்கும் போகத் தொடங்கியிருந்தார்கள். எங்கள் பக்கத்தில் ஆபீஸ் என்றால் மேஜையும் நாற்காலியும் அல்ல; கொட்டகையும் வெடிமருந்தும் திரியும்.

அப்பாவின் பிரசங்கங்களில் ஜனங்கள் கேட்டு வாங்குகிற ஒன்று உண்டு. சவுல் ராஜா எந்தோருக்குப் போன கதை. தேசத்திலிருந்த குறிகாரர்களையெல்லாம் துரத்தியடித்த அதே ராஜா, யுத்தத்துக்கு முன்னால் ஆண்டவரிடம் கேட்கிறான். சொப்பனத்திலும் பதில் இல்லை, தீர்க்கதரிசி வாயிலும் பதில் இல்லை. வேஷம் மாறி, இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு, எந்தோரில் ஒளிந்திருக்கும் குறிகாரியைத் தேடிப் போய், செத்துப்போன தீர்க்கதரிசி சாமுவேலை எழுப்பித் தா என்கிறான். இந்த இடத்தில் அப்பா தோள்துண்டை எடுத்து முக்காடு போட்டுக்கொள்வார். பாயில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் ஒன்றையொன்று கிள்ளிக்கொள்ளும். சாமுவேலைக் கண்டதும் குறிகாரி அலறினாள் என்று சொல்லி அப்பாவே ஒருமுறை அலறிக் காட்டுவார். கைக்குழந்தைகள் வீறிடும். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு முடிவைச் சொல்வார். "வந்தது சாமுவேல் இல்ல. சாமுவேலோட சால்வையைப் போர்த்திக்கிட்டு வந்த பிசாசு. ஆகையால கோடாங்கி வீட்டு வாசலை மிதிக்காதீக."

அந்தப் பிரசங்கத்தின் சூட்டில் உடுக்கையடித்துக் குறி சொல்லும் ஒரு கோடாங்கிக் குடும்பம் சபையில் சேர்ந்து, தங்கள் உடுக்கையைக் கொண்டுவந்து கோயில் முற்றத்தில் எரித்தது. தோல் கருகிய நாற்றம் அடங்க நாளானது. அப்பாவுக்கு அதில் கொஞ்சம் பெருமை. அந்தக் கதையின் கடைசியில் இன்னும் ஒரு துண்டு இருக்கிறது. அலறல் வரைக்கும் வந்தால் போதும் என்று அப்பா அதை ஒருநாளும் தொட்டதில்லை.

அக்கா பட்டாசு ஆபீசில் சரம் பின்னினாள். சாயங்காலம் வந்ததும் வாசலிலேயே பாவாடையை உதறி, கை கால் கழுவிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். துணியில் ஒட்டிய மருந்தோடு அடுப்பங்கரைக்கு வரக்கூடாது என்பது அந்தப் பக்கத்து எல்லா வீட்டிலும் சட்டம். அம்மா தண்ணீருக்குப் போயிருக்கும் நேரம் பார்த்து அக்கா அந்தச் சட்டத்தை மீறுவாள். பாவாடை விளிம்பை அடுப்புக் கங்குக்கு மேலே பிடித்து ஒரு சுண்டு சுண்டுவாள். படபடவென்று வெள்ளிப் பொறி பூக்கும். "பாத்தியா புள்ள, எப்படிச் சிரிக்குதுன்னு" என்பாள். பொறி சிரிக்கிறது என்றால் சிரிக்கிறதுதான். அவள் சொல்லி நான் நம்பாதது எதுவும் இல்லை.

தீபாவளி சீசனில் ஆர்டர் குவிந்து, ஞாயிற்றுக்கிழமையும் வேலை வைத்தார்கள். வராதவர்களுக்கு மறுநாளிலிருந்து வேலை இல்லை என்று கங்காணி வீடு வீடாகச் சொல்லிவிட்டுப் போனார். ஓய்வுநாளில் போகக்கூடாது என்று கோயிலில் முழங்கிவிட்டு, தன் வீட்டுப் பெண்ணை எப்படி அனுப்புவார் அப்பா? அக்கா தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். "போ. ஆனா இந்த வாசப்படியைத் திரும்ப மிதிக்காதே" என்றார். அவள் படியிறங்கி நடந்தாள். ரோட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் அப்பாவுக்கு மனசு மாறிவிட்டது. ஜிப்பாவில் ஒரு கைதான் நுழைந்திருந்தது, அப்படியே ஓடினார். "பிள்ளே, வந்திரு! வந்திரு பிள்ளே!" ஆட்களை ஏற்றிப்போகும் ஆபீஸ் லாரி புழுதியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டது. அதில் நெருக்கியடித்து நின்ற பெண்களில் யாரும் திரும்பிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

அன்று மத்தியானம் வெடித்தது. கோயில் ஓடுகள் ஒருமுறை எழும்பி உட்கார்ந்தன. ஒரு கொட்டகை முழுவதும் போய்விட்டது. பல ஊர்ப் பெண்கள். கொலுசையும் மூக்குத்தியையும் வைத்து அடையாளம் கண்டு, அவரவர் ஊர்க்காரர்கள் அவரவர் பிள்ளையைத் துணியில் சுற்றிக் கொண்டுபோனார்கள். அடுத்த ஊரில் யார் செத்தது என்று விசாரிக்க யாருக்குத் தெம்பிருந்தது?

அக்காவை அப்பாதான் புதைத்தார். பிறகு சபைக்குள் ஒரு முணுமுணுப்பு ஊர்ந்தது. ஓய்வுநாளை மீறியதற்குக் கிடைத்தது என்றார்கள். அப்பா கற்றுக்கொடுத்த பாடம்தான், நன்றாகவே கற்றிருந்தார்கள். அப்பா முழங்கால் போடுவார். உதடு அசையும், சத்தம் வராது. தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து சோற்றைப் பிசைவார், பிசைந்துகொண்டே இருப்பார், அப்படியே எழுந்து கை கழுவுவார். ஜிப்பா அவர்மேல் கொடியில் தொங்குவது போலத் தொங்கத் தொடங்கியது. அம்மா அழுது கேட்டதற்கு ஒருநாள் சொன்னார்.

"நான் கூப்பிட்டது அவ காதுல விழுந்துச்சா? இல்ல, அந்த வாசப்படிப் பேச்சோடயே போயிட்டாளா? அதை மட்டும் சொல்லிட்டாப் போதும். வேற ஒண்ணும் கேக்கல."

யார் சொல்ல வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. மேலே பார்த்தார். ஓடுதான் இருந்தது.

வீட்டு ஜெபத்தில் வேதத்தை நாளுக்கு ஓர் அதிகாரமாக வரிசையாக வாசிப்பது எங்கள் வழக்கம். யாரும் தேர்ந்தெடுக்காமல் அந்த அதிகாரம் தானாக நடந்து வந்து எங்கள் விளக்கடியில் உட்கார்ந்தது. ஆண்டவர் சவுலுக்குப் பதில் சொல்லவில்லை என்ற இடத்தில் அப்பாவின் குரல் நின்றது. புத்தகத்தை மூடிவிட்டார்.

மறுநாள் உச்சிப்பொழுது. அம்மா காட்டுக்கு விறகு பொறுக்கப் போயிருந்தாள். அப்பா ஜிப்பாவைக் கழற்றி ஆணியில் மாட்டினார். யாரிடமோ வாங்கிய கட்டம் போட்ட கைலிச் சாரம், கிழிந்த பனியன், தலையில் உருமால். வேதப்புத்தகம் இல்லாத அவருடைய கக்கத்தை நான் அன்றுதான் பார்த்தேன். ஏதோ உறுப்பு குறைந்தவர் போலிருந்தார். கொடியில் துவைக்காமல் கிடந்த அக்காவின் மாற்று வேலைப் பாவாடையைச் சுருட்டி மஞ்சள் பையில் திணித்தார். கூடப்பிறந்த பிள்ளை ஒன்று பக்கத்தில் இருக்க வேண்டும் என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும். என் தலையைச் சுற்றி ஒரு துணியைக் கட்டினார்.

"யாராச்சும் கேட்டா ஒனக்குக் காது வலி. ஆஸ்பத்திரிக்குப் போறோம்."

பொய் சொல்லக்கூடாது என்ற வேதக் கட்டளையை எனக்கு மனப்பாடம் செய்வித்தவர் அவர். அது மீறப்படாமல் இருக்க வேண்டுமானால் காது நிஜமாகவே வலித்தாக வேண்டும் என்று, விரலை விட்டுக் குடைந்துகொண்டே நடந்தேன்.

ரோட்டை விட்டு ஒற்றையடிப் பாதையில் இறங்குகிற இடத்தில் சபை மூப்பர் சைக்கிளில் வந்தார். கருப்பட்டி வியாபாரி.

"யாரு, உபதேசியாரா? என்ன, கிறிஸ்மஸ் நாடகத்துக்கு இப்பவே ஒத்திகையா?"

"பிள்ளைக்குக் காது வலி."

"காது வலி பிள்ளைக்கு. உருமா நீங்க கட்டியிருக்கீக."

அப்பா பையை மறுகைக்கு மாற்றினார். மூப்பர் மஞ்சள் பையைப் பார்த்தார், பாதையைப் பார்த்தார். அந்தப் பாதை எந்த ஆஸ்பத்திரிக்கும் போகாது. "நல்லாப் பாத்துட்டு வாங்க" என்று சொல்லி, மணியை அடித்துக்கொண்டே மிதித்துப் போனார். எதிரில் ஆளே இல்லாத ரோட்டில் எதற்கு மணி என்று எனக்குத் தெரியவில்லை.

உடைமரங்களில் வெள்ளை முள் மட்டும் மினுங்கியது. காற்று செத்துக் கிடந்தது. வெடித்த கரிசலின் பிளவுகளுக்குள் என் கால்விரல் போய்விடுமோ, உள்ளேயிருந்து யாராவது பிடித்துவிடுவார்களோ என்று தாண்டித் தாண்டி நடந்தேன். தூரத்தில் ஏதோ ஓர் ஆபீசில் வெடியைப் போட்டுச் சோதிக்கிறார்கள். ஒரு சத்தம். வெகுநேரம் கழித்து இன்னொரு சத்தம். யாரோ கதவைத் தட்டிவிட்டு, திறக்கிறார்களா என்று காத்திருந்து மறுபடி தட்டுவது போல. எங்களுக்கு முன்னால் சவுல் ராஜா நடந்துபோவதாக எனக்குத் தோன்றியது. முக்காடு போட்ட அந்த முதுகு அப்பாவின் முதுகாகவே இருந்தது. எது யாருடையது என்று பிரித்துப் பார்க்க முயன்று, வெயிலில் கண் கூசித் தோற்றுப்போனேன்.

அடுத்த ஊர்க் குறிகாரியின் வீடு ஊருக்கு ஒதுக்கில் ஓலைக் கூரையோடு இருந்தது. சடையும் பெரிய குங்குமமுமாக ஒரு பயங்கரத்தை எதிர்பார்த்துப் போன எனக்கு ஏமாற்றம். அம்மாவின் வயதுள்ள ஒருத்தி, வாசலில் உட்கார்ந்து முறத்தில் கம்பு புடைத்துக்கொண்டிருந்தாள். அப்பாவை ஒருமுறைதான் நிமிர்ந்து பார்த்தாள்.

"உருமாலை அவுருங்க உபதேசியாரே. எங்க அண்ணன் உடுக்கையை எரிச்ச அன்னைக்கு நானும் வேலிக்கு அங்கிட்டு நின்னு பாத்தவதான். இப்ப என்னையும் மாட்டிவிட வந்தீகளா?"

"கர்த்தர்மேல ஆணையாச் சொல்றேன், ஒனக்கு ஒரு பொல்லாப்பும் வராது தாயி."

சொல்லிவிட்டு அப்பா தன் வாயைத் தானே பொத்திக்கொண்டார். அது சவுல் சொன்ன பேச்சு. அதற்கு முன்னால் அவள் கேட்டதும் எந்தோர்க்காரி கேட்ட கேள்விதான். வேதப்புத்தகத்தின் அட்டையைக்கூடப் பார்த்திராதவள்.

"யாரு வரணும்?"

"மக."

"எப்படிப் போனா?"

"பட்டாசு ஆபீசுல. அந்த ஞாயித்துக்கெழம."

அவள் முறத்தைக் கீழே வைத்தாள். புடைத்த தூசி மெல்ல அவள் முழங்கைமேல் இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். "வேற யாருக்குன்னாலும் அடிக்கேன். அந்தக் கொட்டகைக்கு மட்டும் அடிக்க மாட்டேன். போயிருங்க" என்றாள். அப்பா போகவில்லை. பாவாடையை எடுத்து அவள் முன்னால் வைத்தார். அவள் அதன் விளிம்பை விரலால் தடவினாள், தடவிய விரலைப் பார்த்தாள். பிறகு எழுந்து உள்ளே போய் உடுக்கையை எடுத்தாள்.

கதவைச் சாத்தியதும் கூரைப் பொத்தல்கள் வழியாக வெயில் கம்பி கம்பியாக இறங்கியது. தூபக்காலில் கங்கு. சாம்பிராணிப் புகை அந்தக் கம்பிகளில் சுற்றிச் சுற்றி ஏறியது. பாவாடையின் ஒரு முனையை என்னைப் பிடிக்கச் சொன்னாள். மறுமுனை தூபக்காலுக்கு மேலே தொங்கியது. உடுக்கை முதலில் மெதுவாகப் பேசியது, பிறகு அவசரப்பட்டது, பிறகு எங்கள் மூன்று பேரின் நெஞ்சுக்குள்ளும் அதுவே அடிப்பதாக ஆயிற்று. "வா தாயி, வழி தெரியலைன்னா சத்தத்தைப் பிடிச்சுக்கிட்டு வா" என்று அவள் இழுத்து இழுத்துக் கூப்பிட்டாள். என் கை கடுத்துச் சற்று இறங்கியது. துணி ஆடியது.

படபடவென்று வெள்ளிப் பொறி பூத்தது.

குறிகாரி அலறினாள். அப்பா பிரசங்கத்தில் அலறிக் காட்டுவது இதற்கு முன்னால் வெறும் விளையாட்டு. உடுக்கை கையிலிருந்து உருண்டு சுவரில் முட்டியது. இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். அப்பா நெடுஞ்சாண்கிடையாகத் தரையில் விழுந்தார்.

"பிள்ளே! நான் கூப்பிட்டனே, கேட்டுச்சா? லாரிக்குப் பின்னாலயே ஓடியாந்தனே பிள்ளே, கேட்டுச்சா?"

"கேட்டுச்சு அப்பா."

சொன்னது என் வாய். புகைக்குப் பின்னால் நின்ற என்னுடைய வாய். ஆனால் சொல்ல வேண்டும் என்று நான் நினைக்கவே இல்லை. அக்கா சிரிக்கிறாளே என்று பொறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தொண்டை தானாகத் திறந்து, தானாக மூடிக்கொண்டது. முகம் தரையில் புதைந்திருந்த அப்பாவும், முகத்தை மூடியிருந்த அவளும் என்னைப் பார்க்கவில்லை. துணியில் ஒட்டிய மருந்து கங்கில் பட்டால் பொறி பறக்கும் என்பது இப்போது எனக்குத் தெரியும். என் தொண்டைக்கு என்ன விளக்கம் என்பது இப்போதும் தெரியாது.

பொறி அடங்கிவிட்டது. அப்பா எழவில்லை. குறிகாரி உருண்டு கிடந்த உடுக்கையை எடுத்து மூலையில் வைத்தாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கதவைத் திறந்தாள்.

"எம்புட்டு நாளாச்சு இவரு சாப்பிட்டு?" என்று என்னைக் கேட்டாள்.

"பிசைவாரு. திங்க மாட்டாரு."

தூபக்காலின் கங்கை அடுப்புக்கு மாற்றிக் கருவாடு சுட்டாள். பானையிலிருந்து கம்பங்கூழை அள்ளிக் கரைத்து, வெங்காயம் உரித்து வைத்தாள். "எனக்கு வேண்டாம் தாயி" என்றார் அப்பா, தரையைப் பார்த்தபடியே. அப்படிப்பட்ட வீட்டில் கை நனைக்கக்கூடாது என்று ஊருக்கே சொன்னவர்.

"நீங்க சொன்னதை நான் கேட்டேன்ல? மாட்டேன்னு சொன்னவ, உசுரைக் கையில பிடிச்சுக்கிட்டுக் கேட்டேன்ல? இப்ப நான் சொல்றதை நீங்க கேளுங்க. ஒரு வாய் குடிச்சாத்தான் ஊர் போய்ச் சேருவீக."

அப்பா மெல்லத் தலையைத் தூக்கினார். அவர் முகத்தில் ஒரு பயம்; அவள் அலறியபோதுகூட அது அங்கே இல்லை. அவர் ஒருநாளும் தொடாத அந்தக் கடைசித் துண்டில், தரையில் கிடக்கும் சவுலைப் பார்த்து எந்தோர்க்காரி சொல்கிற வார்த்தைகள் அவை. "சாப்பிடுங்கப்பா" என்று நானும் சொன்னேன். கதையில் சவுலோடு போனவர்களும் அப்படித்தான் வருந்திக் கேட்பார்கள் என்பது பின்னால் நானே வாசித்தபோது தெரிந்தது. அப்பா எழுந்து உட்கார்ந்து சட்டியை இரண்டு கையாலும் வாங்கினார். குடித்துவிட்டு மறுபடியும் நீட்டினார்.

அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை கோயில் நிறைந்திருந்தது. மூப்பரின் சைக்கிள் மணி எல்லாத் தெருவுக்கும் போயிருந்தது. அப்பா அந்த அதிகாரத்தையே எடுத்தார். முக்காடு போடவில்லை. அலறவில்லை.

"வந்தது பிசாசுன்னு இத்தனை வருசமா ஒங்களுக்குச் சொன்னேன். எனக்குத் தெரியாது. தெரிஞ்ச மாதிரி சொன்னேன். ஆனா இந்த அதிகாரத்துல எல்லாருக்கும் தெரியுற மாதிரி ஒண்ணு இருக்கு. குறிகாரியைத் துரத்துன ராஜா அவ வீட்டுத் தரையில கெடக்கான். அவ வீட்டுல ஒரு கன்னுக்குட்டி. அதை அடிச்சு, மாவைப் பிசைஞ்சு, அப்பம் சுட்டு, உக்கார வச்சுக் குடுக்கா. ஆண்டவர் பதில் சொல்லலைன்னு படிக்கோம். அந்த அப்பம் யாருகிட்ட இருந்து வந்துச்சு? செத்த பிள்ளையைக் கேட்டு ஒருத்தன் நம்ம வாசலுக்கு வந்தா, நம்மகிட்ட பதில் இருக்காது. கூழ் இருக்கும். அதைக் குடுக்காம வசனத்தைக் குடுத்தம்னா, கிறிஸ்தவங்கன்னு சொல்லிக்கிற நாம அந்தக் குறிகாரிக்கும் கீழதான்."

மூப்பர் எழுந்தார். "சூனியக்காரிக்கு நற்சாட்சி குடுக்கீகளா உபதேசியாரே? அங்கன கை நனைச்சீகளா இல்லையா, அதைச் சொல்லுங்க."

"நனைச்சேன். ரெண்டு சட்டி."

பின்னால் யாரோ ஒரு பெண் சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். அம்மாவுக்கு விஷயம் தெரிந்ததே அங்கேதான். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் முன்னால் நடந்தாள். வாசலுக்கு வந்ததும் திரும்பினாள்.

"என்ன போட்டா?"

"கம்பங்கூழ்."

"உப்பு இருந்துச்சா?"

"இருந்துச்சு."

அவ்வளவுதான். அன்று அவள் போட்ட சோற்றை அப்பா தட்டில் ஒரு பருக்கை மிச்சமில்லாமல் சாப்பிட்டார்.

மாதம் முடிவதற்குள் குருவானவர் வந்தார். சூலக்கரைக்கு அந்தப் பக்கம், சபையே இல்லாத ஓர் ஊருக்கு, சபையைக் கட்டியெழுப்ப அப்பா தேவை என்று மிகுந்த மரியாதையோடு சொன்னார். சாமான்களை ஏற்றி மாட்டுவண்டி கிளம்பியது. ரோட்டு முனையில், ஆபீஸ் லாரி வந்து நிற்கும் இடத்தில், குறிகாரி நின்றுகொண்டிருந்தாள்.

"போறீகளாம்ல."

"ஆமா தாயி."

"ஒண்ணு சொல்லணும். எம் மகளும் அந்தக் கொட்டகையிலதான் இருந்தா. லாரி எங்க ஊருல ஏத்திக்கிட்டுத்தான ஒங்க ஊருக்கு வரும்."

அப்பா வண்டியிலிருந்து இறங்கிவிட்டார். "அன்னைக்கே நீ சொல்லலையே தாயி."

"நீங்க கேக்கலையே." குறையாகச் சொல்லவில்லை, வெயில் அடிக்கிறது என்பது போலச் சொன்னாள். "அவளுக்காக நான் உடுக்கையை எடுத்ததே இல்லய்யா. வராமப் போயிட்டா என்ன பண்ணுவேன்? அன்னைக்குப் பொறி பறந்ததும், எம் மகதான் வந்துட்டான்னு கத்திட்டேன்."

"ஒம் மகளாவும் இருக்கலாம் தாயி. எனக்குத் தெரியாது."

நான் மூட்டைகளின்மேல் உட்கார்ந்திருந்தேன். அம்மா சட்டென்று என் கையைப் பிடித்துக்கொண்டாள், வலித்தது. எங்கள் அக்காவுக்கு இவள் ஏன் பங்கு கேட்கிறாள் என்று எனக்குக் கோபமாக வந்தது. அவள் கேட்க வரவில்லை, கொடுத்துவிட்டுப் போக வந்திருக்கிறாள் என்பதும், கொடுக்கிறதற்கு அவளிடம் இருந்தது அது ஒன்றுதான் என்பதும், புகைக்குப் பின்னால் திறந்து மூடிய என் தொண்டைக்கு அதில் என்ன வேலை இருந்தது என்பதும் அந்த வயதுக்கு எட்டவில்லை. எட்டியிருந்தால் வாயைத் திறந்திருப்பேனா, தெரியாது. வண்டிக்காரர் மாட்டை அதட்டினார். அப்பா ஏறிக்கொண்டார்; குறிகாரி சக்கரத்தோடு கொஞ்ச தூரம் நடந்து வந்தாள்.

"இல்லய்யா. அது அப்பான்னு கூப்பிட்டுச்சு. எம் மக வயித்துல இருக்கும்போதே அவ அப்பன் போய்ச் சேந்துட்டான். அந்த வார்த்தையே அவ வாயில வந்ததில்ல. வந்தது ஒங்க பிள்ளைதான். நிம்மதியாப் போயிட்டு வாங்க."